பதினேழாம் எண் பச்சை

தையல்காரருக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்த அன்று, சாவியோடு ஒரு புத்தகத்தையும் கொடுத்தார்கள். சாவி கட்டைவிரல் நீளம். புத்தகம் அறுபத்து நான்கு பக்கம். குடியிருப்புப் பசுமை வாரியம் வெளியிட்டது. அதில் அறுபத்து மூன்றரைப் பக்கம் வீட்டு முன்னால் வளர்க்க வேண்டிய புல்லைப் பற்றியது. மிச்சமுள்ள அரைப் பக்கம் வீட்டைப் பற்றியது. அந்த அரைப் பக்கத்தின் முடிவில் இப்படி இருந்தது: 'கூரை ஒழுகினால், ஒழுகும் நீரை வீணாக்காமல் புல்லுக்குத் திருப்பிவிடவும்.'

தையல்காரர் எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறவர். யாராவது புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் சட்டையைப் பார்க்கமாட்டார், கைமடிப்பைத் திருப்பித் தையலைப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தில் புத்தகத்தின் பின்னட்டையையும் திருப்பினார். உள்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து. 'வீட்டு முன்புறப் புல்தரை, வாரியத்தின் பதினேழாம் எண் நிலையான பச்சை நிறத்தில் இருக்க வேண்டும். மூன்று சோதனைகளிலும் தவறினால் சாவி திரும்பப் பெறப்படும்.'

அவர் மனைவி அதை இரண்டு தரம் படித்தாள். "நமக்கு வீடு குடுத்திருக்காங்களா, இல்ல புல்லுக்கு வீடு குடுத்து நம்மளக் காவலுக்கு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள்.

கேட்க அவளுக்கு நியாயம் உண்டு. பதினொரு வருஷம் அவர்கள் தையல் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பகலில் துணி வெட்டுகிற மேசைதான் இரவில் கட்டில். ஒருநாள் காலையில் அவள் சலவை நிலையத்துக்கு வேலைக்குப் போனபோது அவள் முதுகில் யாருடைய கால்சட்டையோ சாக்குக்கட்டியில் வரைந்தபடியே இருந்தது. அங்கே இருந்த பெண்கள் சாயங்காலம் வரைக்கும் சிரித்தார்கள். வீட்டுக்கு மனுப் போட்டது மறுநாள்தான். ஆக, சாவியைத் திரும்பக் கொடுப்பது என்றால் மறுபடியும் அந்த மேசைமேல் போய்ப் படுப்பது. அது இருவருக்குமே தெரியும்.

வீட்டு முன்னால் பன்னிரண்டடிக்குப் பத்தடி நிலம் இருந்தது. நிலம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சிமென்ட் கட்டிகள், உடைந்த ஓடு, வளைந்த ஆணி, கட்டட வேலைக்காரர் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. வாரியம் அங்கீகரித்த கடையில் வாரியம் அங்கீகரித்த புல் பாய் பாயாகச் சுருட்டி விற்கிறார்கள் என்று புத்தகம் சொன்னது. தையல்காரரின் கையிருப்பு முழுவதும் வீட்டுக்குள் போயிருந்தது. மிஞ்சியது ஒரு கத்திரிக்கோலும் பொறுமையும்தான்.

அவருக்குத் தெரிந்தவர்களில் புல்லைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். விளையாட்டு மைதானத்தைப் பராமரிக்கிற அக்கா. அவருடைய சீருடையை இரண்டு தரம் பெரிதாக்கி, ஒரு தரம் சின்னதாக்கிக் கொடுத்தவர் தையல்காரர். அந்த விசுவாசத்தில் அக்கா ஒரு சாக்கு நிறையக் கொடிப்புல் பெயர்த்துக் கொடுத்தார்.

"இது காசு குடுத்து வாங்கற சாமான் இல்ல தம்பி. மைதானத்து ஓரத்துல வேண்டாம்னு வெட்டிப் போடறது. கணுக்கணுவா நறுக்கி, வரிசையா பொதைச்சு வை. அதுக்கு முன்னாடி மண்ணைச் சலிச்சிரு. டீக்கடையில கொட்டற டீத்தூள், காஞ்ச இலை, எல்லாம் கலந்து விடு."

"தண்ணி தினமும் தெளிக்கணுமாக்கா?"

"தெளிக்கறதுக்கு அது என்ன முகமா? வேர் புடிச்சதும் வாரத்துல ரெண்டு நாள் காலையில ஊத்து. நல்லா உள்ள இறங்கற மாதிரி ஊத்து. அப்பத்தான் வேர் தண்ணியத் தேடிக்கிட்டு கீழ போகும். வெட்டும்போது ஒட்ட வெட்டாத. உயரத்துல மூணுல ஒரு பங்கு போதும். வெட்டினதை வாரிக் கொட்டாத, அங்கயே கிடக்கட்டும், அதுதான் உரம்."

"அவ்வளவுதானா? புத்தகத்துல அறுபத்து மூணு பக்கம் போட்டிருக்காங்களே."

"அது எழுதறவங்களுக்குச் சம்பளம் குடுக்கணும்ல" என்றார் அக்கா.

தையல்காரர் கடைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் மண்ணைச் சலித்தார். பழைய கொசுவலையைச் சட்டத்தில் அடித்துச் சல்லடை செய்துகொண்டார். கொடிப்புல்லைத் தையல் போடுகிற மாதிரி வரிசை பிசகாமல் பதித்தார். காய்கறி அலசிய தண்ணீரைக்கூட வீட்டில் கீழே கொட்ட விடவில்லை. இரண்டாம் மாதம் புல் மூடிக்கொண்டது. வெட்ட வேண்டிய நாள் வந்தபோது துணி வெட்டுகிற பெரிய கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

"பட்டுத் துணி வெட்டற கத்திரியாலயா புல்லை வெட்டறீங்க?" என்று மனைவி வாசலில் நின்று கத்தினாள்.

"பட்டு இதுக்கு முன்னாடி பிச்சை வாங்கணும். தொட்டுப் பாரு."

அவள் தொட்டுப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். சலவை நிலையத்தில் நாள் முழுக்கச் சிமென்ட் தரையில் நின்று இஸ்திரி போடுகிற கால். சாயங்காலமானால் பாதம் பன் மாதிரி உப்பிவிடும். அன்றைக்கு அவள் அங்கேயே வெகுநேரம் நின்றாள். மறுநாளும் நின்றாள். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வேலை விட்டு வந்ததும் நேரே புல்லில் ஏறிப் பத்து நிமிஷம் நடந்த பிறகுதான் கதவைத் திறப்பாள்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். அவர் தன் நிலத்தில் எதையும் செய்யவில்லை. சிமென்ட் கட்டிகளுக்கு நடுவில் ஏதோ முளைத்து, காய்ந்து, சாய்ந்து கிடந்தது. நாற்காலியைப் போட்டுக்கொண்டு தையல்காரர் உழைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "வெள்ளைக்காரன் மைதானம் கெட்டது போங்க தம்பி. உங்க பக்கத்துல இருக்கறதுனால நான் சோதனையில மாட்டப் போறேன்" என்பார்.

முதல் சோதனைக்குப் புல் ஆய்வாளர் வந்தார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு அட்டை தொங்கியது. உள்ளங்கை அகலம், முழங்கை நீளம், கீழ் விளிம்பில் ஒரு இரும்புக் கிளிப். மேலே 'எண் 17. நிலையான பச்சை' என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த நிறம் காய்ந்த வைக்கோல் நிறம்.

ஆய்வாளர் முழங்காலுக்குக் கீழே கைக்குட்டையை விரித்து மண்டியிட்டார். அட்டையைப் புல்மேல் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். மூன்றாவது இடத்திலும் வைத்தார். பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியின் உறவுக்காரர்களைப் பார்க்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"மன்னிக்கணும் டெய்லர். பச்சையா இல்ல."

தையல்காரர் புல்லைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி புல்லைப் பார்த்தார். "சார், இது பச்சை சார்."

"அதை நீங்க சொல்லக் கூடாது. நானும் சொல்லக் கூடாது. ஆளாளுக்குக் கண் வேற. அதுக்குத்தான் அட்டை. அட்டைக்குக் கண்ணே கிடையாது, அதனால தப்பே வராது."

மனைவி குனிந்து அட்டையைப் பார்த்தாள். பத்து வருஷமாக ஊராருடைய துணியை வெளுத்தவள். "சார், இது வெயில்ல வெளுத்துப் போயிருக்கு. நிறம் இறங்கிடுச்சு."

ஆய்வாளர் கோபப்படவில்லை. அட்டையின் மேல்பகுதியை விரலால் சுட்டிக் காட்டினார். "என்ன எழுதியிருக்கு, படிங்கம்மா."

"நிலையான பச்சை."

"நிலையானதுன்னு போட்டிருக்கும்போது எப்படிம்மா வெளுக்கும்?"

அவர் படிவத்தில் 'பச்சையில்லை' என்று எழுதிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். தபால்காரர் எழுந்து நின்று, வக்கீலிடம் பேசுகிற மாதிரி முதுகுவலியையும் வயதையும் சொல்ல ஆரம்பித்தார். ஆய்வாளர் அட்டையைக் காய்ந்த குப்பைமேல் வைத்தார். அட்டை எங்கே முடிகிறது, குப்பை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஆய்வாளரின் கண் கலங்கிவிட்டது. "இந்தத் தெருவுல இப்படி ஒரு பச்சையை நான் பாத்ததில்ல ஐயா" என்றார். வேலியில் 'முன்மாதிரிப் புல்தரை' என்று ஒரு தகரப் பலகையை அவரே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார்.

தபால்காரர் பலகைக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "நான் ஒண்ணுமே பண்ணலையே தம்பி" என்றார்.

"அதைத்தான் சரியாப் பண்ணியிருக்கீங்கண்ணே" என்றார் தையல்காரர்.

மறுவாரம் கடையை மூடிவிட்டு அவர் வாரிய அலுவலகத்துக்குப் போனார். அலுவலகத்து முன்னால் ஒரு பெரிய புல்தரை இருந்தது. எரிந்து அணைந்த மாதிரி கிடந்தது. நடுவில் 'மிதிக்காதே' என்று ஒரு பலகை. மிதிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி. காவலாளி நிற்க இடமில்லாமல் அந்தப் புல்லின்மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே ஆய்வாளர் அறையில் மேற்குப் பக்க ஜன்னல் ஓரம் ஒரு ஆணி. ஆணியில் அட்டை. அதே இரும்புக் கிளிப் அதன் கீழ் விளிம்பைக் கவ்வி, காற்றில் ஆடாமல் பிடித்திருந்தது. சாயங்கால வெயில் நேராக அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை வருஷமா சார் இது இங்க தொங்குது?"

"வாரியம் தொடங்கின நாள்லேருந்து. இருபத்திரண்டு வருஷம்" என்று ஆய்வாளர் பெருமையாகச் சொன்னார்.

தையல்காரருக்கு உடனே புரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு மாட்டி வைக்கிற சட்டை இப்படித்தான் ஆகும். மடிப்பைப் பிரித்தால் உள்ளே பழைய நிறம் புதிதாக இருக்கும். அவர் கையை நீட்டிக் கிளிப்பைக் கழற்றினார்.

கிளிப் இருந்த இடத்தில் ஒரு விரல்கடை அகலத்துக்கு, மழை பெய்து முடிந்த மறுநாள் மாதிரி, ஒரு பச்சை.

எழுத்தர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஆய்வாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலைவரைக் கூப்பிட ஓடினார்.

வாரியத் தலைவர் உயரமான மனிதர். உட்கார்ந்திருக்கும்போதும் மேடையில் நிற்கிறவர் மாதிரிதான் இருப்பார். அட்டையைக் கையில் வாங்கி, பச்சைக் கீற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேசினார்.

"டெய்லர், உங்க ஆர்வத்தைப் பாராட்டறேன். ஆனா நீங்க யோசிக்கணும். வாரியம் ஆரம்பிச்ச புதுசுல நூறு வீட்டுல பத்து வீடுதான் தேறுச்சு. அஞ்சு வருஷத்துல முப்பது. இப்ப தொண்ணூறு. ஜனங்க தண்ணி ஊத்தறதை நிறுத்தினாங்க, அப்பவும் தேர்ச்சி ஏறுச்சு. எப்படி ஏறுதுன்னு எங்களுக்கே தெரியாது. அவ்வளவு சிறப்பா வேலை செய்யறோம். இப்ப நீங்க வந்து ஒரு கிளிப்பைக் கழட்டி, இருபத்திரண்டு வருஷ வளர்ச்சியும் தப்புங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லலைங்க. இதுதான் நிஜ நிறம்னு..."

"எது நிஜம்? அட்டை முழுசும் இருபத்திரண்டு வருஷம் வெயில்ல நின்னு கடமையைச் செஞ்சிருக்கு. இந்தத் துண்டு ஒரு நாள்கூட வெளிய வரல. கிளிப்புக்குள்ள ஒளிஞ்சு கிடந்திருக்கு. வேலையே செய்யாத ஒண்ணு, வேலை செஞ்ச மத்ததையெல்லாம் பாத்து நீ நிறம் மாறிட்டேன்னு சொல்லலாமா? எங்க அலுவலகத்துல அந்த மாதிரி ஆளை நாங்க உடனே பதவி உயர்வு குடுத்து வேற இடத்துக்கு மாத்திடுவோம்."

எழுத்தர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

அன்றைக்கே கூட்டம் நடந்தது. தையல்காரரை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றாததால் அவரும் உட்கார்ந்திருந்தார். ஒரே அட்டையில் இரண்டு நிறம் இருப்பது குழப்பத்துக்கு இடம் கொடுக்கும் என்றும், பெரும்பான்மை நிறமே சரியான நிறம் என்றும், சிறுபான்மையான விரல்கடை நிறத்தை அட்டையிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்றும் முடிவாயிற்று. நீக்குவது யார் என்பதில் தகராறு வந்தது. யார் வெட்டினாலும் கோணலாகும், கோணலானால் விசாரணை வரும்.

தலைவர் சுற்றிலும் பார்த்தார். "டெய்லர், கத்திரிக்கோல் கொண்டு வந்திருக்கீங்களா?"

கொண்டு வந்திருந்தார். அது இல்லாமல் அவர் எங்கேயும் போகமாட்டார். தன் புல்லுக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சியைத் தானே, நூல் பிடித்த மாதிரி நேராக, வெட்டி எடுத்தார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்குக் கோணலாக வெட்ட வராது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"இந்தத் துண்டை என்ன செய்யறதுங்க?"

"கழிவு. எடுத்துட்டுப் போங்க" என்றார் தலைவர்.

தையல்காரர் அதைச் சட்டைப் பையில், அளவு நாடாவுக்குள் சுற்றி வைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி கேட்ட முதல் கேள்வி, "வெட்டினீங்களா? நீங்களேவா?" என்பது. பிறகு, "இனிமே என்ன, புல்லைக் காய வைக்கணுமா?" என்றாள்.

காய வைப்பது எப்படி என்று அவர் மைதானத்து அக்காவிடம் கேட்டார். அக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் சொன்னபடி நட்டிருந்தா சீக்கிரம் காயாது. வேர் கீழ போயிருக்கும். கெடுத்தே ஆகணும்னா ஒரே வழிதான். அந்த வாரியத்துப் புத்தகத்துல இருக்கறதை அப்படியே செய்."

அப்போதுதான் தையல்காரர் புத்தகத்தை முதலிலிருந்து படித்தார். தினமும் உச்சி வெயிலில் இலை நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளிக்கச் சொன்னது. தரையோடு தரையாக மழிக்கச் சொன்னது. வெட்டிய புல்லை ஒரு துளி விடாமல் வாரி, வாரியத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கச் சொன்னது. வாரம் ஒருமுறை கனமான உருளையால் தரையை அழுத்தச் சொன்னது. உருளைக்குப் பதிலாக அவர் தையல் இயந்திரத்தின் இரும்புக் காலைக் கட்டி இழுத்தார். எல்லாவற்றையும் ஒரு எழுத்து பிசகாமல் செய்தார்.

மூன்று வாரத்தில் புல் நோய் பிடித்த மாதிரி ஆயிற்று. இன்னும் ஒரு வாரம் போனால் அசல் பதினேழாம் எண் வந்துவிடும். மனைவி சாயங்காலம் வந்தால் புல்லின்மேல் ஏறாமல் நேராகக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

சோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது மழை கொட்டியது. இரண்டு பகல் விடாத மழை. கீழே போயிருந்த வேர் என்ன நினைத்ததோ, மூன்றாம் நாள் காலையில் தரை முழுக்கப் பச்சைப் பசேல் என்று நின்றது.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுத் தபால்காரர் வேலி ஓரமாக வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, எங்க வீட்டுல ஒரு புல்லு முளைச்சிருக்கு."

"ஒண்ணுதானே அண்ணே."

"பச்சையா இருக்கு தம்பி! பலகையைக் கழட்டிட்டுப் போயிட்டா வீட்டுக்காரி முகத்துல எப்படி முழிப்பேன்? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." அவர் அதை ஏற்கெனவே பிடுங்கி, பழைய கடித உறைக்குள் போட்டு, ஒட்டியும் வைத்திருந்தார்.

ஆய்வாளர் இரண்டாம் தடவை வந்து, அட்டையை வைத்து, பெருமூச்சு விட்டார். வெட்டுப்பட்டதில் அட்டை ஒரு விரல்கடை குட்டையாகியிருந்தது. "முன்னைக்கு மோசம் டெய்லர். அக்கறையே இல்ல போலிருக்கு. இன்னும் ஒரு வாய்ப்புதான். சாவியைத் துடைச்சு வெச்சிருங்க, துருப் பிடிச்சிருந்தா வாங்கமாட்டாங்க."

அவர் போனதும் தையல்காரர் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு புல்லில் போய் உட்கார்ந்தார். வேரோடு பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று பார்த்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதைக் கொல்லாதீங்க" என்றாள். "புத்தகத்துல வீட்டுக்குப் பின்னாடி பத்தி ஏதாவது போட்டிருக்கா?"

அவர் அறுபத்து நான்கு பக்கத்தையும் புரட்டினார். பின்பக்கத்தைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. 'வீட்டின் பின்புறம் காலியிடம் எனக் கொள்ளப்படும்.'

"அப்ப பின்னாடி கொண்டுபோயிடலாம்."

"முன்னாடி?"

"முன்னாடி என்ன வேணும் அவங்களுக்கு? அந்த வெளுத்துப் போன அட்டை நிறம் வேணும். நீங்க தையல்காரர்தானே? யாரோ ஒரு துண்டு காட்டி இதே நிறத்துல வேணும்னு கேட்டா, முடியாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கீங்களா?"

தையல்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பதினொரு வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று அவள் பிற்பாடு சொல்லுவாள்.

மறுநாளிலிருந்து புல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்துப் பின்பக்கம் நட்டார்கள். கடையில் காவலாளிகள் சீருடைக்கு வெட்டியதில் மிஞ்சிய காக்கித் துண்டுகள் இரண்டு மூட்டை கிடந்தன. அவள் அவற்றைச் சலவை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காரம் போட்டு வெளுத்து, நிறம் இறக்கி, மறுபடி அலசி, காயப் போட்டுக் கொண்டுவந்தாள். நிறம் அவளுக்கு ஒரு பார்வையில் மனப்பாடம். அவர் ஒட்டுப்போட்டுத் தைத்தார். பன்னிரண்டடிக்குப் பத்தடி. விளிம்பெல்லாம் நூல் நூலாகப் பிரித்து விட்டு, தாள் தாளாக நிற்கிற மாதிரி பிசிறு வைத்தார். வாழ்நாளெல்லாம் பிசிறு தெரியாமல் தைத்தவர், இப்போது ஊர் பார்க்கப் பிசிறு தைத்தார். நான்கு மூலையிலும் ஆணியடித்து முன்பக்கத்தில் விரித்தார்கள்.

மூன்றாம் சோதனைக்கு ஆய்வாளர் வந்தபோது சாவி வாசற்படியில் ஒரு தட்டில் இருந்தது. துடைத்துத்தான் வைத்திருந்தார்கள். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆய்வாளர் கைக்குட்டையை விரித்து மண்டியிட்டார். அட்டையை வைத்தார். எடுத்தார். வேறு இடத்தில் வைத்தார். நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்தார். கையால் தடவினார்.

"ரொம்ப வழுவழுன்னு இருக்கு."

"ஆமாங்க."

"என்ன வகை இது?"

தையல்காரருக்குப் பொய் சொல்ல வராது. "டெரிகாட்டன் சார்."

ஆய்வாளர் 'வகை: டெரிகாட்டன்' என்று படிவத்தில் எழுதிக்கொண்டார். "வெளிநாட்டு வகையா?"

"கலப்பு சார்."

"அதான் பாத்தேன். தண்ணி?"

"வாரத்துக்கு ஒரு தரம் சோப்புப் போட்டு அலசினாப் போதும்."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து, தையல்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பச்சை டெய்லர்! பச்சை!"

கதவுக்குப் பின்னால் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். தட்டிலிருந்த சாவி அவள் இடுப்பில் ஏறிவிட்டது.

இரண்டே வாரத்தில் தலைவர் நேரில் வந்தார். சான்றிதழைக் கையில் கொடுப்பதற்காகத் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டார்கள். தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியின்மேல் ஏறி நின்று பேசினார்.

"இந்தக் குடும்பம் ரெண்டு தடவை தோத்துச்சு. ஏன்? புல்லை வளர்த்தாங்க. புல்லை வளர்த்தா பச்சை வராது, பச்சையை வளர்க்கணும். இன்னிக்கு என் காலுக்குக் கீழ இருக்கறதுதான் நாங்க இருபத்திரண்டு வருஷமா கனவு கண்ட புல். ஒரு பூச்சி இல்ல. ஒரு மண் இல்ல. வளரவே வளராது, அதனால வெட்டவே வேண்டாம். உயிர் ஒண்ணுதான் குறை, அதனால சாகவும் சாகாது. அடுத்த வருஷம் எல்லா வீட்டுலயும் இந்த டெரிகாட்டனைப் பயிரிட வாரியம் முடிவு பண்ணியிருக்கு!"

கைதட்டலுக்கு நடுவில் ஒரு பூவாளியைக் கொடுத்தார்கள். தலைவர் துணிக்குத் தண்ணீர் ஊற்றினார். துணி நனைந்து தரையோடு ஒட்டியது. ஒட்டியதும், நடுத் தையல் பிரிந்திருந்த இடத்தில், பெயர்க்கும்போது தப்பிப்போன வேரிலிருந்து மேலே வந்திருந்த இரண்டு இழைப் பச்சைப் புல் எட்டிப் பார்த்தது.

மனைவி இடுப்புச் சாவியைப் பொத்திக்கொண்டாள்.

தலைவர் குனிந்து பார்த்தார். முகம் சுளித்தார். "இது என்ன அசிங்கம்?"

"களைங்க" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

"களை! பாத்தீங்களா, நல்ல புல்லுக்கு நடுவுல எப்படி வருது பாருங்க. நிறத்தைப் பாத்தாலே தெரியுது, விஷம். எடுங்க."

ஆய்வாளர் குனிந்து அந்த இரண்டு இழையையும் பிடுங்கினார். எறிவதற்கு இடம் தேடுகிற மாதிரி கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு யாரும் பார்க்காதபோது சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தையல்காரர் பார்த்தார்.

அந்த மாதமே தபால்காரர் தனக்கும் ஒன்று தைக்கச் சொன்னார். "நிறைய பிசிறு வைங்க தம்பி, நான் முன்மாதிரி." பிறகு எதிர்வீடு. பிறகு தெரு முழுக்க. எல்லா வீட்டு முன்னாலும் காக்கி விரிந்தது. எல்லா வீட்டுப் பின்னாலும், மைதானத்து அக்கா சாக்கில் கொண்டுவந்து கொடுத்தது, சத்தமில்லாமல் வேர் பிடித்தது.

ஒரு சாயங்காலம் ஆய்வாளர் படிவமில்லாமல் வந்தார். கழுத்தில் அட்டை மட்டும் இருந்தது. பழக்கதோஷம்.

"குடிக்கத் தண்ணி கிடைக்குமா டெய்லர்?" என்றவர், தண்ணீர் வருமுன்பே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அங்கே மனைவி வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நின்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"இது என்னம்மா?"

"காலியிடம் சார்."

ஆய்வாளர் அந்தக் காலியிடத்தைப் பார்த்தார். கணுக்கால் உயரத்துக்கு, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

"ஆமாமா. கோப்புலயும் அப்படித்தான் இருக்கு" என்றார். செருப்பைக் கழற்றினார். ஏறினார். பதினெட்டு வருஷமாகப் புல்லில் மண்டியிட்டவர், அன்றைக்குத்தான் புல்லில் உட்கார்ந்தார்.

தையல்காரர் தண்ணீரோடு வந்தார். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பிரித்தார். உள்ளே இருந்த விரல்கடைத் துண்டை ஆய்வாளர் கையில் வைத்தார்.

ஆய்வாளருக்கு எந்த வேலையும் வேறு மாதிரி செய்ய வராது. கைக்குட்டையை விரித்து மண்டியிட்டார். துண்டைப் புல்மேல் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். மூன்றாவது இடத்தில் வைத்தபோது துண்டு புல்லுக்குள் எங்கே போயிற்று என்று தெரியாமல் விரலால் தேட வேண்டியிருந்தது.

வெகுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை. "சரியா இருக்கு" என்றார், தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அப்புறம் அவரே கழுத்திலிருந்த அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதிலிருந்த வைக்கோல் நிறமும் இப்போது பாதி வெளுத்துப் போயிருந்தது.

"ஜன்னலுக்குத் திரை போடலாம்னு எழுதிக் குடுத்தேன். வெளிச்சம்தான் வளர்ச்சின்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். "அடுத்த வருஷச் சோதனைக்குள்ள இன்னும் இறங்கிடும். டெய்லர், வெள்ளைத் துணி ஏதாவது கைவசம் இருக்கா?"

மனைவி நடையை நிறுத்தாமலே சொன்னாள். "அந்த மேசையில விரிச்சுப் படுத்த பழைய போர்வை ரெண்டு இருக்கு சார். இனிமே எங்களுக்கு வேண்டாம்."